வெளியேறாத வாசகர்

பிற்பகல் வெயில் வாசற்படியோடு நின்றுவிட, அதற்கப்பால் நீண்ட மருத்துவமனை நடைபாதையில் கிருமிநாசினியின் நெடியும் ஈரச் சுவரின் புழுக்கமும் கலந்து கிடந்தன. பொறியாளரான அவள், மடிக்கணினியை மார்போடு அணைத்தவாறு, தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய இயந்திர அறைக்குள் நுழைந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், மூன்றாம் கட்டிலில், அவளுடைய தம்பி படுத்திருந்தான். விபத்துக்குப் பின் அவனது இதயம் எப்போது தடுமாறும் என்பதை மருத்துவர்களாலும் கூற இயலவில்லை. தடுமாறினால் மணியடிக்க வேண்டிய கணினியோ, காலை முதல் அடிக்கடி உறைந்துகொண்டிருந்தது.

"வாங்க மேடம். உங்க செல்லப்பிள்ளை இன்னிக்கு அடம் பிடிக்குது," என்றார் அவ்வறையின் தொழில்நுட்பப் பணியாளர். அனைவரும் அவரை 'ஃபியூஸ்' என்றே அழைப்பர்.

"என்னண்ணே செஞ்சு பாத்தீங்க?"

"அணைச்சுப் போட்டேன். அப்புறம் திட்டினேன். ரெண்டுக்கும் மசியல."

அக்கணினியின் கர்னலை, பிற நிரல்களையெல்லாம் இயக்கும் மைய நிரலை, எழுதியவள் அவளே. ஒவ்வொரு நோயாளியின் துடிப்பும் நினைவகத்தின் ஒரு பக்கத்தில் பதியும். பக்கத்திற்குப் பூட்டிட்டால், ஒரு நிரல் படித்து முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்க நேரிடும், மணி தாமதிக்கும். ஆகவே பூட்டுகளை அவள் அறவே நீக்கியிருந்தாள். படிக்க நுழையும் நிரலுக்கு 'வாசகர்' என்று பெயர்; அது தன் வருகையை அறிவிக்கும், முடித்ததும் விடைபெறும். உள்ளிருப்போர் அனைவரும் விடைபெற்ற பின்னரே பழைய பக்கங்கள் விடுவிக்கப்பட்டு, புதிய துடிப்புகளுக்கு வழங்கப்படும். ஒரே ஒரு வாசகர் வெளியேறாது தங்கினாலும் போதும். பழையன குவிந்து இயந்திரம் திணறிவிடும்.

ஒருவர் தங்கியிருந்தார்.

அவள் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வாசகர் எண்ணிக்கை ஒன்றாகவே நின்றது.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேனே. அப்புறம் யாரு படிக்கிறது?"

"என்னப் பாக்காதீங்க. எனக்குப் பேப்பர் படிக்கவே நேரமில்ல."

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஓர் இதயத்தின் அலை. கட்டில் ஒன்பது.

ஃபியூஸின் முகம் வாடியது.

"சன்னல் ஓரத்துக் கட்டிலு," என்றார் தணிந்த குரலில். "அதுல இருந்த அம்மா தவறின அன்னிக்கே கட்டிலத் தூக்கிட்டாங்க. போன மாசம்."

"நீங்கதான் அணைச்சுப் போட்டீங்களே? இது அழிஞ்சிருக்கணுமே!"

அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

படிக்கும் இடத்தைக் காட்டும் குறி, அலையின்மீது மெல்ல ஊர்ந்தது. கடைசித் துடிப்பை அடைந்தது. அதற்கப்பால் நேர்கோடு மட்டுமே இருந்தது.

குறி அங்கே தயங்கியது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

"அந்தம்மா தன்னோட துடிப்பத் தானே படிக்குதா மேடம்?"

"சும்மா இருங்கண்ணே."

அவ்வேளையில் செவிலியர் கண்ணாடியைப் படபடவெனத் தட்டினார். தம்பியின் திரை உறைந்திருந்தது. அவனது உதடுகள் நீலம் பாரித்தனவோ என அவள் எட்டிப் பார்த்தாள். வாசகர் விடைபெறும்வரை காத்திருத்தல் வேண்டும் என்பது அவளே வகுத்த விதி. அவ்விதியை, தன் கையாலேயே அவள் நீக்கினாள்.

"உள்ள இருக்கிறவங்க?" என்று கிசுகிசுத்தார் ஃபியூஸ்.

"இடத்தையே எடுத்துட்டா எங்க இருப்பாங்க?"

பக்கங்கள் விடுபட்டன. தம்பியின் திரை உயிர்பெற்று ஓடியது. செவிலியர் கட்டைவிரலை உயர்த்தினார். ஃபியூஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தைப் பறிப்பதால் வாசகர் வெளியேறுவதில்லை. அவர் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்விடத்தில் அடுத்து எவர் குடியேறுகிறாரோ, அவரைப் படிப்பார்.

வாசகர் எண்ணிக்கை ஒன்று.

கட்டில் மூன்று.

தம்பியின் அலைமீது குறி விரைந்தது. புதிய துடிப்பின் விளிம்பில் நின்றது. இம்முறை நேர்கோடு வரவில்லை. அடுத்த துடிப்பு வந்தது.

குறி அதன்மேல் பாய்ந்தது.

அவள் அவனது பதிவை வேறு பக்கத்திற்கு மாற்றினாள். குறியும் உடன் சென்றது. கணினியையே மாற்றினாள். அங்கும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது.

சில நாட்களில் தம்பி தேறினான். கம்பிகள் யாவும் கழற்றப்பட்டு வீடு திரும்பினான். இதயம் சீராக உள்ளது என்றனர் மருத்துவர்கள். இனி எந்த இயந்திரமும் அவனை வாசிக்கவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு காலைப்பொழுதில், வெளிச்சம் நிறைந்த அறையில், அவன் சிலைபோல் அமர்ந்திருக்கக் கண்டாள்.

"ஏண்டா, மூச்சப் பிடிச்சு விளையாடுறியா? பயங்காட்டாத."

"நான் பிடிக்கலக்கா," என்றான் அவன், உதடு அசையாமல். "அவங்க கொஞ்சம் மெதுவாப் படிக்கிறாங்க. முடிக்கட்டும்னு நிக்குது."

"எது நிக்குது?"

அவன் அவளது கையைப் பற்றித் தன் மார்பில் வைத்தான்.

உள்ளே எதுவும் அசையவில்லை. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த துடிப்புக்காக அவள் காத்திருந்தாள்.