தொட்டியில் ஏறாத உப்பு

ஆடி மழை மாட்டுங்காவை விட்டபாடில்லை. கொடியில் போட்ட வேட்டி காய்வதாகக் காணோம், தீப்பெட்டி நமுத்துக் கிடந்தது, சுவரைத் தொட்டால் கை ஈரமாயிற்று. அப்பேர்ப்பட்ட ஈரத்திலே, கூடத்து மீன்தொட்டியில் மட்டும் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.

சங்கரநாராயணன் தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். பலகை காய்ந்திருந்தது, ஒழுகவில்லை. செம்பூர் சாயக் கம்பெனி லாபரட்டரியில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது? கடல் தண்ணீர் ஆவியாகப் போனால் தண்ணீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். மிச்சம் இன்னும் கரிக்க வேண்டும். ஆனால் உள்ளே மிதந்த, உப்பு அளக்கிற ஹைட்ரோமீட்டர் பழைய கோட்டிலேயே நின்றது. அப்படியென்றால் உப்போடு சேர்த்து யாரோ மொண்டு எடுக்கிறார்கள்.

வீட்டில் அவரை விட்டால் மகள் பிச்சம்மாள்தான். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசுகூட ஆகாத பிள்ளை, நாள் முழுக்கத் தொட்டிப் பக்கமே கிடக்கும். சாயங்காலம் பார்த்தால் கவுன் கழுத்து நனைந்திருக்கும். கடல் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"ஏட்டி, இதை மொண்டு குடிச்சியா?"

"நானில்லப்பா."

சொல்லிவிட்டு மறுபடி தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் மனைவி செண்பகவல்லி போன மாசம்தான் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். எடுத்துப் போன கையோடு எதிர்வீட்டு வாலாம்பாள் மாமி வந்து, குடம், தவலை, வாளி என்று வீட்டிலிருந்த தண்ணீர் அத்தனையையும் கொட்டச் செய்தாள். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் நிற்கக் கூடாது, போன உயிர் தாகத்தோடு திரும்பி வந்து அதில் வாய் வைத்துவிடும் என்பார்கள். கடைசியில் மாமி தொட்டியைக் காட்டினாள். "இதுவும் ஜலம்தானே?"

மாஹிம் மீன்காரர்களைப் பிடித்து, ஜாடி ஜாடியாகச் சுமந்து, மீன் தாங்குகிற பக்குவத்துக்கு அதைக் கொண்டுவர அவர் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும். "இது கடல் தண்ணி மாமி. இதை யார் குடிப்பா?" என்றுவிட்டார்.

ஹைட்ரோமீட்டரை நம்பாமல் மறுநாள் மாஹிமில் நூர் நிஷா கடைக்குப் போனார். மேலப்பாளையத்துப் பொம்பளை, கப்பலில் வருகிற மீன்தொட்டிச் சாமான்களை விற்கிறவள். தண்ணீர் பார்க்கிற பெட்டிகள் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று புளிப்பா காரமா என்று நிறம் காட்டுவது, ஒன்று மீன் கழிவு அழுகி விஷமாகிவிட்டதா என்று பார்ப்பது. மூன்றாவதில் வெள்ளி உப்புக் கரைசல் இருந்தது. மஞ்சளாக்கிய தண்ணீரில் அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், செங்கல் நிறம் வரும்வரை. உப்பு கூடினால் சொட்டும் கூடும். அவர் மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்.

"மீனு சாவுதா அண்ணாச்சி?"

"மீனு நல்லாத்தான் இருக்கு. தண்ணி குறையுது, உப்பு ஏறல."

"அப்பம் அந்த ரெண்டும் எதுக்கு? வெள்ளிச் சொட்ட கொண்டு போங்க." ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புட்டி கடல் தண்ணீரும் கொடுத்தாள். பிள்ளையும் அவரும் மட்டும் இருக்கிற வீடு என்று அவளுக்குத் தெரியும். "அதுலயும் ஏறலன்னா, பிள்ளைய தனியா விடாதீங்க."

விளக்கு வைக்கிற நேரம். மழை இருட்டு சன்னலை அடைத்து நின்றது. பிள்ளை தொட்டியில் கை வைக்காதபடி மடியில் இருத்திக்கொண்டு, புட்டித் தண்ணீரை ஒரு குழாயிலும் தொட்டித் தண்ணீரை ஒரு குழாயிலும் ஊற்றி, மஞ்சள் சொட்டு விட்டு, அப்புறம் வெள்ளிச் சொட்டை எண்ணிக்கொண்டே விட்டார். இரண்டும் ஒரே எண்ணிக்கைச் சொட்டில் சிவந்தன.

உப்பு ஏறவில்லை. மிதவை பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சூடான காப்பியை உதட்டு நுனியால் உறிஞ்சுகிற மாதிரி, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிள்ளை அவர் மடியில்தான் இருந்தாள். வாய் மூடியிருந்தது. சீயக்காய் வாசனையும் காய்ச்சல் மருந்தின் கசப்பு நெடியும் கூடத்தில் பரவின. மீன்களெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. எதிர்மூலையில் தண்ணீர் குழிந்தது. அவர் பார்க்கப் பார்க்க ஒரு விரற்கடை இறங்கிற்று.

"அம்மாவுக்குத் தாகம்ப்பா," என்றாள் பிச்சம்மாள்.

உப்புத் தண்ணீர் குடித்தால் தாகம் அடங்குமா? கூடத்தானே செய்யும். குடிக்கக் குடிக்கக் கூடும். பாவி, ஒரு மாசமாக இதையல்லவா குடிக்கிறாள்.

ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையைக் குளிக்கிற அறைக்கு இழுத்தார். உறிஞ்சித் துப்பினார். தண்ணீர் ஓடிற்று. மணல் தெரிந்தது. மீன்கள் மணலில் துடித்தன. துடிக்கட்டும். கடைசி ஈரத்தைத் துணியால் ஒற்றிப் பிழிந்தார். சோதனைக் குழாய்களையும் கவிழ்த்தார். பிறகு ஒரு செம்பு நல்ல தண்ணீரைக் கூடத்தின் நடுவில் வைத்தார்.

"குடி தாயி. குடிச்சிட்டுப் போயிரு."

செம்பில் தண்ணீர் அசையவில்லை.

"அதை அம்மா தொடமாட்டாப்பா," என்றாள் பிள்ளை சுவரோரம் ஒண்டிக்கொண்டு. "உப்புதான் அவளுக்குப் பழகிட்டு. தொட்டிய ஏன்பா கொட்டுனீங்க?"

அவள் உதடு பிதுங்கிற்று. கண்ணில் நீர் கட்டிற்று.

கண்ணீரும் உப்புத் தண்ணீர்தானே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அழாத தாயி. அப்பா இருக்கேன்லா. அழாத." பயந்த பிள்ளையிடம் அழாதே என்றால் கேட்குமா?

ஒரு சொட்டு உருண்டது. பாதிக் கன்னத்தில் இல்லாமல் போயிற்று.

அடுத்த சொட்டு இமையை விட்டே இறங்கவில்லை. ஓடிப்போய் அவளை வாரி எடுத்துக் கண்ணைக் கையால் பொத்தினார். உள்ளங்கைக்கும் பிள்ளை முகத்துக்கும் நடுவே, குளிர்ந்து வெடித்த உதடுகள் இருந்தன. அவை உறிஞ்சிக்கொண்டிருந்தன.