உலராத மை

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. காலையில் பிடித்த மழை ராஜகீழ்ப்பாக்கத்தை விட்டு நகரவில்லை. ஆலயத்தின் கிறிஸ்துமஸ் கடிதப் போட்டிக்கு நடுவரான ஜோசலின், கடைசிக் கடிதத்தை மேசைவிளக்கின் அடியில் விரித்தபோது, அதன் மை இன்னும் உலராதிருப்பதைக் கண்டாள். கடிதங்கள் வந்து சேர்ந்து மாதம் ஒன்றாகியிருந்தது.

ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினாள். தாள் வெள்ளையாகவே மீண்டது. எழுத்துகள் ஈரம் மின்னக் கிடந்தன.

எழுதியவர் பெயர் இல்லை. பண்டிகைக்கு வரும்படி தங்கையை அழைக்கும் சாதாரணக் கடிதம். ஆனால், தமிழாசிரியையாக எத்தனையோ கையெழுத்துகளைத் திருத்திய அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேலேறுகையில் மயிரிழையாக மெலிந்து, வளைவில் தயங்கி, இறங்குகையில் நிப்பின் முழு அகலத்துக்கும் பருத்த கோடுகள். ஒவ்வொரு ழகரத்தின் சுழியும் மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல் நின்றது. தாளிலிருந்து, தூர்வாரிய கிணற்றின் வாடை மெல்ல எழுந்தது.

நல்ல கையெழுத்தைச் சுவைக்க அவளுக்கென்று ஒரு வழக்கமுண்டு. மை ஊற்றாத பேனாவைத் தாளில் படாமல் பிடித்து, எழுதியவரின் போக்கிலேயே ஒவ்வோர் எழுத்தையும் பின்தொடர்வாள். அன்றும் அப்படியே செய்தாள். கடைசி வரியில் பேனாவைக் கீழே வைத்தாள்.

விரல்கள் நிற்கவில்லை. மேசைவிரிப்பின் மேல் அவை எழுதிக்கொண்டே இருந்தன. நுனிகள் கறுத்திருந்தன. சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை.

பரிசுக் கடிதத்தை நகலெடுத்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அதன்மேல் எழுதிப் பழகச் செய்வது ஆலயத்தின் வழக்கம். அவள் மகள் பிளஸ்ஸி அந்த வகுப்பில்தான் இருந்தாள். இது இந்த வீட்டைத் தாண்டக் கூடாது.

போட்டிக்கு எழுதிய இன்னொருவரான ஞானையாவின் கோணல்மாணலான கடிதத்துக்கே முதல் பரிசு என்று தீர்ப்புத்தாளில் எழுதினாள். படித்துப் பார்த்தாள். ஞானையாவின் பெயர் அதில் இல்லை. பெயரற்ற கடிதத்துக்கு முதல் பரிசு. கீழே அவள் கையொப்பம்; எழுத்து அவளுடையதல்ல.

கிழித்தாள். இடக்கையால் எழுதினாள்.

அதே மெலிவு. அதே பருமன். அதே ஈரம்.

கதவு தட்டும் ஒலி. பிளஸ்ஸி ஓடிப்போய்த் திறந்தாள். ஆலயச் செயலாளர் ரோஸி குடையை உதறியபடி உள்ளே வந்தாள்.

"நீங்க மார்க் போடற வேகத்துக்கு அடுத்த கிறிஸ்துமஸே வந்துடும்க்கா. ஜெராக்ஸ் கடையை மூடறதுக்குள்ள குடுங்க."

ஜோசலினின் வலக்கை தீர்ப்பையும் கடிதத்தையும் சேர்த்து எடுத்தது. நீண்டது.

"எடுத்துட்டுப் போகாத ரோஸி. அது வேணாம்."

ரோஸி தாளைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேக்கா."

வாங்கிக்கொண்டாள். அவளருகே நின்ற பிளஸ்ஸி, கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு ழகரம் எழுதினாள். அதன் சுழியிலிருந்து கறுப்பாக வழிந்தது.