சோல்வன் நிற்காது

மாதாந்திரப் பராமரிப்பு என்று கந்தர்வக்கோட்டையில் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். முந்திரிக்கொட்டை போட்டுவைத்த பழைய கொட்டகையில் திருப்பதி என்பவன் கிரிப்டோ காசு எடுக்க ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஓய்ந்தன. கிராபிக்ஸ் கார்டுகளின் காற்றாடிகள் இரைச்சல் குறைந்து, தள்ளாடி, ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறு ஆளாக இருந்தால் அலறியடித்து ஓடியிருப்பான். இவனுக்கோ வருஷக்கணக்கில் அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடந்து காதோடு சேர்ந்து மனசும் மரத்துப்போயிருந்தது. எந்த பிராண்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பது ஒன்றுதான் அவனுக்கு உறைக்கிற விஷயம். ஆர்வோன் பேருக்குத்தான் பெரிய கம்பெனி, ஒரு கோடை தாண்டாது. டைட்டோ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வெயில் ஏறினால் பல்லிளித்துவிடும். போன வாரம் பழசாக வாங்கிய சோல்வன் இருக்கிறதே, அதுதான் கார்டு! மாட்டியதிலிருந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. சுற்றுவது அதுதான்.

எங்கேயாவது மிச்சக் கரண்ட் இருக்கும் என்று ஒயரைப் பிடுங்கினான். சுற்றியது. கார்டையே கழற்றிக் கையில் எடுத்தான். சுற்றியது. காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்தான். ஓடின கார்டு சுட வேண்டும், ஓடாதது ஆறிப்போயிருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை. ஆள் உடம்பின் வெதுவெதுப்பு. காற்றாடி தள்ளிய காற்றில் முந்திரி எண்ணெயின் கார நெடிக்கு அடியில் தூங்கி எழுந்தவர் வாயின் வாடை அடித்தது.

"என்னங்க, கரண்டுதான் இல்லையே, இன்னும் இங்கிட்டு என்ன பண்றீங்க?"

கதவருகே அவன் மனைவி பிரகதீஸ்வரி மோர்ச் சொம்போடு நின்றாள். போன வாரம் காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவள். சோல்வனை மாட்டிய மறுநாளே எழுந்து வாசல் பெருக்கினாள். ஊசி வேலை செய்துவிட்டது என்று நினைத்து, வேண்டிய சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டிருந்தான் திருப்பதி. அவள் போய்விட்டால் தனக்கு நாதியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சொம்பை வாங்கும்போது அவள் விரல் பட்டது. சொம்பைவிடக் குளிர்ந்திருந்தது.

"மேலு சில்லுன்னு இருக்கே, புள்ள?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலைங்க."

பேசி முடித்ததும் அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏறவேயில்லை.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கார்டு விற்ற புதுக்கோட்டை ஷேக் பரீதுக்குப் போன் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டான்.

"பாய், அந்த சோல்வன் யாருகிட்ட வாங்குனது?"

"ஆலங்குடிக்காரர் ஒருத்தர் குடுத்தாரு தம்பி. நல்லா ஓடுதுல்ல? அவருகிட்ட நிக்காமத்தான் ஓடியிருக்கு. ஒரே ஒரு தடவை கையால நிப்பாட்டிப்புட்டாராம். அதுக்கப்புறம் வேணவே வேணாம்னு தூக்கிக் குடுத்துட்டாரு."

"ஏனாம்?"

"சொல்லலையே. சம்சாரம், புள்ளைகன்னு இருந்த மனுசன். இப்ப அவரு மட்டும்தான் இருக்காரு."

திருப்பதி குனிந்து பார்த்தான். பழைய காற்றாடி கைக்கு வந்தால் விரலால் நிறுத்தி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். பேச்சுக் கவனத்தில் அவன் விரல் எப்போதோ இறக்கையின் மேல் போயிருந்தது.

காற்றாடி நின்றிருந்தது.

"மோரக் குடிச்சிட்டு சாப்பிட வா..." என்று சொல்லிக்கொண்டிருந்த பிரகதீஸ்வரி அப்படியே நின்றாள். வாய் திறந்தபடி. கண் திறந்தபடி.

விரலை எடுத்தான். சுற்றவில்லை.

"பிரகதி!"

விரலால் சுண்டினான். அரைச் சுற்று சுற்றி நின்றது.

"ங்" என்றாள்.

சுண்டினான்.

"க."

அவள் கண்ணுக்குள் ஓர் ஈரம் அசைந்தது. நின்றது. மறுபடி சுண்டினான். மறுபடி.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஆர்வோனும் டைட்டோவும் ஒன்றாக இரைந்தன. அவள் சொல்வது எதுவும் காதில் விழவில்லை. அவன் சுண்டச் சுண்ட, அவள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.