நாற்பது கிலோமீட்டர்

வந்தவளின் கைப்பையில் ஒரு புகார் மனு இருந்தது. நாளை மறுநாளுக்குள் அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கணவனின் பட்டறைக்குப் பூட்டு விழும். போடாவிட்டால் கூடப்பிறந்த தம்பியின் முகத்தில் இனி விழிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இருபத்து மூன்று நாட்களாகச் சரியாகத் தூங்காதவள், சர்வேயரின் வீட்டு முன்னறையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. முப்பது வருஷம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைத் தடவிப் பார்த்து, எது விபத்து, எது ஜோடித்த கதை என்று பிரித்துச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. அவருக்குத் துணை, மனைவியின் தங்கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அடுத்த வீட்டில் பாத்திரம் உருண்டாலே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். இன்று அவள் நோட்டும் பேனாவுமாக ஏற்கெனவே நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

வந்தவள் கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பா மலைமேல் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். மழைக்காலத்தில் அந்தப் பாதை சேறாகிவிடும், சாதாரண வண்டி ஏறாது. அதனால் அவருடைய பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பையே புதுப்பிப்பது என்று குடும்பமாக முடிவெடுத்தார்கள். அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் அது போய் நிற்க வேண்டும். அதுதான் எண்ணம். சாமான்களைத் தேர்ந்தெடுத்தது தம்பி. இரும்பு பம்பர், சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் வின்ச், கூரைமேல் கேரியர், கூடுதல் விளக்குகள், பெரிய டயர்கள். எல்லாவற்றையும் பொருத்தியது அவள் கணவன், மெக்கானிக்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. தம்பி உடனே புறப்பட்டான். ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டியவன், ஆறரைக்குத்தான் போய்ச் சேர்ந்தான். அப்பா நாற்காலியிலேயே முடிந்திருந்தார். வழியில் கூடுதல் விளக்குகளின் ஒயர் தீய்ந்து வண்டி நின்றுவிட்டது, இரண்டு மணி நேரம் நடுரோட்டில் தவித்தேன், இது மாமா செய்த அரைகுறை வேலை என்று தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னான். அவளும் அத்தனை பேர் முன்னால் கணவனைப் பார்த்து, "எங்கப்பாவைக் கொன்னுட்டீங்க" என்று கத்திவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு திரும்பவில்லை.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஒன்னுமே சொல்லல சார். தலையக் குனிஞ்சுட்டு நின்னாரு."

டீச்சர் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். தப்பு செய்யாதவன் ஏன் தலை குனிய வேண்டும்? அவளைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

தம்பியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. இருபது வயதான கிழட்டு வண்டி, புதுச் சாமான்களால் மாப்பிள்ளைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி மரியாதையாகத்தான் பேசினான். சர்வேயர் எதைக் கேட்டாலும் மறைக்கவில்லை. டயரின் கம்பெனி, பம்பரின் கனம், விளக்கின் வாட்ஸ் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தான். வின்ச்சை இழுத்துப் பார்க்கத்தான் வாய்ப்பே வரவில்லை என்று வருத்தப்பட்டான். பிறகு தானாகவே உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தான். அப்பாவின் கண்டிப்பு அது. யார் வண்டியை எடுத்தாலும், புறப்படும்போதும் சேரும்போதும் மீட்டரில் உள்ள எண்ணை எழுத வேண்டும்.

"பாருங்க சார். இந்த டவுன் வீட்டிலேர்ந்து மலை வீட்டுக்கு நாப்பது கிலோமீட்டர். பதினஞ்சு வருஷமா எல்லாப் பக்கத்துலயும் நாப்பதுதான். அன்னிக்கும் அதே நாப்பது. நான் எங்கேயும் திரும்பல, நேரா அப்பாகிட்டதான் போனேன். மீட்டர் பொய் சொல்லாது."

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. டீச்சருக்கு அவன்மேல் இரக்கமே வந்துவிட்டது.

சர்வேயர் மீட்டரைப் பார்த்தார். நோட்டில் அன்றைய வரிதான் கடைசி. அப்பா போன பிறகு யாரும் எண் எழுதவில்லை. பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து, தீய்ந்த ஒயரைக் கத்தியால் லேசாகக் கீறிப் பார்த்தார். பேட்டரிக்கு அடுத்தாற்போல் இருந்த ஃபியூஸ் பெட்டியைச் சுற்றியிருந்த டேப்பை விரலால் தடவினார். வின்ச் கயிற்றைக் கடைசிச் சுற்று வரை இழுத்துப் பிரித்தபோது அடியிலிருந்து ஒரு கைப்பிடி வெள்ளை மணல் கொட்டியது. அதை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார். கடைசியாக, முன் சக்கரத்தைச் சுற்றி அளவு நாடா வைத்து அளந்தார். பின் கதவில் தொங்கிய பழைய ஸ்டெப்னியையும் அதேபோல் அளந்தார். புது டயர் நாலுதான் வாங்கியிருந்தார்கள். ஸ்டெப்னி மாற்றவில்லை. தேய்மானம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தம்பி வீட்டு வாசலிலிருந்து அதே வண்டியில் மலைக்குப் போனார்கள். டீச்சர் ஓட்டினாள், தம்பியின் அக்காக்காரி பின்னால் உட்கார்ந்தாள். கைப்பேசியில் வழிகாட்டிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் முள் ஐம்பதில் நிற்கும்போது கைப்பேசி ஐம்பத்தைந்து என்று காட்டியது. டீச்சர் சிரித்தாள். இருபது வருஷமாக முள்ளைப் பார்த்தே பழகியவள் அவள், வானத்திலிருந்து வேகத்தைக் கணக்குப் போடும் கைப்பேசியை நம்பவில்லை. சர்வேயர் கைப்பேசியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மலைப்பாதை முழுக்கச் செம்மண். ஏற்றம் தொடங்குவதற்கு முன் இடதுபக்கம் ஒரு கிளைத்தடம் பிரிந்தது. அது எங்கே போகிறது என்று கேட்டார் சர்வேயர். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஆற்றுப்படுகை என்றும், வண்டிப் பைத்தியங்கள் கூடிப் பந்தயம் விடும் இடம் என்றும் பின்னாலிருந்து பதில் வந்தது.

மலை வீட்டு வாசலில் சர்வேயர் மீட்டரைக் குறித்துக்கொண்டார். டீச்சர் அதற்குள் இறங்கிப்போய், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விசாரணையைத் தொடங்கியிருந்தாள். அவர் மனத்தில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார்.

"அன்னிக்கு என் டிராக்டர் ரெடியா நின்னுச்சும்மா. நாலரை மணிக்கு நானே போய்க் கூப்பிட்டேன். வேணாம், பையன் பாதி மலை ஏறிட்டானாம், வந்துருவான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறமும் ஒன்னரை மணி நேரம் உசுரோடதான் இருந்தாரு."

அக்காக்காரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள். அன்று அப்பா அவளிடம் டிராக்டரில் இறங்கி வரட்டுமா என்று போனில் கேட்டார். அவள் தம்பியைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். பாதி மலை ஏறிட்டேன் என்றான். அதைத்தான் அவள் அப்பாவுக்குச் சொன்னாள். காத்திருங்கள் என்றாள். அவர் காத்திருந்தார்.

"வண்டி நின்னுபோனா, நின்னுபோச்சுன்னு சொல்லியிருப்பான்ல சார்?" என்று கேட்டாள். சர்வேயர், நேராகப் பட்டறைக்குப் போகலாம், தம்பியையும் அங்கே வரச் சொல்லுங்கள் என்றார்.

பட்டறையில் கிரீஸ் வாடையும் ஒரு மேசை விசிறியின் இரைச்சலும் இருந்தன. மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மனைவியைப் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். தம்பி வந்து சுவரோரம் நின்றான். உட்கார யாருக்கும் இடம் இல்லை.

சர்வேயர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"முதல்ல ஒயர். ஷார்ட் ஆனா ஒயர் உள்ளேர்ந்து வேகும், செம்பு கறுத்துப்போகும். இது மேல மட்டும் கருகியிருக்கு, உள்ள செம்பு பளபளன்னு இருக்கு. வெளியிலேர்ந்து நெருப்பு காட்டினா இப்படித்தான் ஆகும். அதோட, ஷார்ட்னா மொதல்ல போறது ஃபியூஸ். அது முழுசா இருக்கு. ஒருவேளை மாத்தியிருப்பாங்களோன்னு பார்த்தேன். மெக்கானிக் சுத்தின டேப் பிரிக்கவே இல்ல."

"எனக்கு ஒயர் பத்தி என்ன தெரியும் சார்?" என்றான் தம்பி. "வண்டி நின்னுச்சு, அவ்வளவுதான்."

"சரி. வின்ச்சைத் தொடவே இல்லைன்னு சொன்னீங்க. கயித்தோட அடிச் சுத்துல வெள்ளை மணல் இருந்துச்சு. முழுசா வெளிய இழுத்து, மணல்ல புரண்டு, திரும்பச் சுத்தினாத்தான் மணல் அங்க போகும். மலைப்பாதை பூரா செம்மண். வெள்ளை மணல் ஆத்துலதான் இருக்கு."

"அதான் நோட்டு இருக்கே சார்! நாப்பதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தா நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டீச்சருக்குத் தெரியும், கெட்ட செய்தி சொல்லும்போதுதான் அவர் அப்படிச் செய்வார்.

"மீட்டருக்கு ரோடு தெரியாது தம்பி. சக்கரம் எத்தனை தடவை சுத்துதுன்னு மட்டும்தான் தெரியும். பழைய டயர் பத்துச் சுத்து சுத்துற தூரத்தை, இந்தப் பெரிய டயர் ஒன்பதே சுத்துல போயிரும். ஸ்டெப்னியையும் இதையும் அளந்து பார்த்துட்டேன். இன்னிக்கு நேரா மலை வீட்டுக்குப் போனோம். வழியில எங்கேயும் திரும்பல. மீட்டர் காட்டினது முப்பத்தாறு."

 டீச்சருக்கு முகம் சூடாகியது. ஐம்பதும் ஐம்பத்தைந்தும் அவள் கண்ணெதிரே ஓடியிருந்தன. ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள், அதைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

"பதினஞ்சு வருஷமா இருந்த நாப்பது, அன்னிக்கு நாப்பதா இருந்திருக்கவே கூடாது," என்றார் சர்வேயர். "ஆத்துக்குப் போய் வர மூணு. மணல்ல சக்கரம் சும்மா சுத்தினது மிச்சம். எல்லாம் சேர்ந்து தற்செயலா நாப்பதுல வந்து நின்னுருச்சு. அதைப் பார்த்து உங்களுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும். தப்பிச்சோம்னு நினைச்சிருப்பீங்க. உண்மையிலேயே நேரா போயிருந்தா, முப்பத்தாறுன்னு ஒரு புது எண்ணைத்தான் எழுதியிருப்பீங்க."

தம்பி சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தான். முழுக்கதையும் துண்டு துண்டாக வந்தது. வழியில் நண்பர்கள் போன் செய்தார்கள், ஆற்றில் எல்லோரும் கூடியிருக்கிறோம், புது வண்டியைக் காட்டிவிட்டுப் போ என்றார்கள். அப்பாவுக்கு அடிக்கடி வரும் வாயுத் தொல்லைதான் என்று அவன் நினைத்தான். ஒரே ஒரு தடவை மணலில் இறக்கிக் காட்டினான். அச்சு வரை புதைந்துவிட்டது. வின்ச் கயிற்றை முழுசாக இழுத்தும் மாட்ட ஒரு மரம் எட்டவில்லை, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா போன் செய்தபோது இடுப்பளவு பள்ளத்தில் நின்று மணலை அள்ளிக்கொண்டிருந்தான். தாமதத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்றுதான் பிறகு ஒயரில் நெருப்பு காட்டினான்.

"பத்து நிமிஷம்னுதான் போனேன்க்கா," என்றான். "நீ கேட்டப்ப ஆத்துல இருக்கேன்னு எப்படிச் சொல்றது? எப்படியும் எடுத்துருவோம்னு இருந்தேன்."

"சொல்லியிருந்தா அவரு டிராக்டர்ல வந்திருப்பாருடா," என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது. "உன் பொய்யை என் வாயால சொல்ல வெச்சுட்டியே."

அவன் அழுதுகொண்டே எழுந்து வெளியே போனான். வண்டிச் சாவியைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவும் இல்லை.

பிறகு அவள் கணவனிடம் திரும்பினாள். அவர் ஸ்பேனரை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது.

"டயர் மாட்டினது நீங்கதானே," என்றாள் மெதுவாக. "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். பெரிய டயர் போட்டா மீட்டர் கம்மியா காட்டும், ஒரு பல்சக்கரம் மாத்தணும்னு அவன்கிட்டயே சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம்னுட்டான். சாவு வீட்டுல நோட்டை விரிச்சுக் காட்டினான் பாரு, அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"அப்பா செத்த அன்னிக்கே உனக்குத் தம்பியும் இல்லாமப் போகணுமான்னு நெனச்சேன். கோவம் ஆறினதும் நீயே வந்து, என்னங்க ஆச்சுன்னு கேப்பன்னு இருந்தேன். பதினோரு வருஷம் என் கையால ஓடுன வண்டியிலதான் நீ போய் வந்திருக்க. நம்பிக் கேப்பன்னு இருந்தேன்." அவர் சர்வேயரைப் பார்த்தார். கோபம் இல்லாமல்தான் பார்த்தார். "ஊர்ல யாரையோ தேடிப் போய்க் கேட்டிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

டீச்சர் தன் நோட்டில் அடிக்கோடு போட்ட வரியை நினைத்துக்கொண்டாள். அதை இப்போது திறந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. வழக்கமாக ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அத்தானைக் கேள்வி கேட்டே துளைத்துவிடுவாள். இன்று ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

"நான் வீட்டுக்கு வரட்டுமாங்க?" என்று பின்னால் அவள் கேட்பது காதில் விழுந்தது.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வா. அது உன் வீடுதானே. நான் வேணாம்னு சொல்லல," என்றார். "ஆனா கொஞ்ச நாளைக்கு என்கிட்ட எதுவும் பேசாத. மன்னிப்பெல்லாம் கேக்காத. கேட்டா நான் சரின்னுதான் சொல்லணும். இப்ப என்னால அதைச் சொல்ல முடியாது."

அவர் பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பி, வேறொரு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டார். அவள் அவருடைய கால்களைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.