ஒன்பதாம் அறை, இரண்டாம் கட்டில்

"எனக்கு ஒரு ரூம்மேட் போட்டுக் குடுங்க மேடம். இல்லன்னா, காலியாக் கிடக்கிற கட்டிலுக்கும் சேத்து என் சம்பளத்துல வாடகை பிடிக்கிறதை நிறுத்துங்க."

கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாது என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், ரயில் ஏற்றிவிடும்போதே சொன்னார்: ஃபேன் ஓடவில்லையா, கேள், தண்ணீர் வரவில்லையா, கேள், ரூம்மேட் மட்டும் கேட்காதே. வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அதையே சொன்னாள். ஏன் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கொடுக்கும் புத்திமதிக்குத் தலையாட்டிப் பழக்கமில்லாதவள் அவள். மூட்டை தூக்கும் அப்பாவுக்குப் பிறந்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறினவள். தலையாட்டியிருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டாள்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடுப்புக் கடிதங்களில் பச்சை மையால் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனார். இடுப்பில் தொங்கிய சாவிகளை வைத்து நர்சுகள் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் சாம்பல் நிற இரும்பு பீரோ. நாற்பது பெண்களின் அசல் சான்றிதழ்கள் அதற்குள் அடைபட்டிருந்தன. அவளுடையதும்தான். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால்தான் வெளியே வரும்.

"யோசிச்சுத்தான் கேக்கிறியா?"

"சம்பளச் சீட்டைப் பாத்துட்டுத்தான் கேக்கிறேன்."

அப்போதுதான் அந்த அம்மாள் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த முகம் விளங்கவில்லை. கோபம் இல்லை. பல நாள் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

"சரி, போட்டாச்சு. போ."

இந்த ஊருக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வேறு மாநிலம், பெரிய ஆஸ்பத்திரி, சொந்த ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் என்று வேலை உத்தரவில் இருந்தது. வாடகையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வெளியே வீடு தேடிப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறைக்குச் சம்பளத்தில் முக்கால்வாசி கேட்டார்கள். ஆறு மாத முன்பணம் தனி. நர்ஸ் என்றதும் ஒரு வீட்டுக்காரி, நேரங்கெட்ட நேரத்தில் வந்து போவாய் என்று கதவைச் சாத்தினாள். அதே வீட்டுக்காரிக்கு நேரங்கெட்ட நேரத்தில் மூச்சு முட்டினால் ஆக்சிஜன் வைக்க நர்ஸ் வேண்டும். வீட்டில் குடிவைக்க மட்டும் வேண்டாம்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் குடியிருப்புதான் கதி என்றானது. ஒன்பதாம் அறை. சுவரோடு சுவராக இரண்டு இரும்புக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகு. நைட் டூட்டிக்காரிகள் பகலில் தூங்க வேண்டும் என்று கண்ணாடி முழுக்க யாரோ எப்போதோ செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். நடுப்பகலிலும் அந்த அறையில் காகிதத்தின் பழுப்பு நிறம்தான் வெளிச்சம். இரண்டு பேருக்கான அறையில் ஒருத்தி இருந்தால் அவளே இரண்டு வாடகையும் தர வேண்டும் என்பது விதி. பிடித்தது போக மிஞ்சியதில் ஊரில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம், அல்லது அவள் மாதம் முழுக்கச் சாப்பிடலாம். இரண்டும் முடியாது.

ரூம்மேட் கேட்ட மறுநாள் காலை நைட் டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தாள்.

இரண்டாம் கட்டிலில் ஆள் இருந்தது.

தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. சுவரைப் பார்த்து ஒருக்களித்த முதுகு. கட்டிலுக்கடியில் ரப்பர் அடி வைத்த வெள்ளைக் காலணி, ஜோடியாக. அறையில் ஸ்பிரிட் வாசனையும் கஞ்சி போட்ட துணி நனைந்து காயாத வாசனையும். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பேச்சுக் கொடுக்கவில்லை. நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவளை எழுப்பக் கூடாது. குடியிருப்பில் எல்லோரும் உயிரைப் போலக் காக்கும் ஒரே ஒழுங்கு அது. கட்டடம் தீப்பிடித்தால் எழுப்பலாமா என்று ஒருத்தி கேட்க, முதலில் அவள் டூட்டி எது என்று பார் என்று இன்னொருத்தி சொன்னதாக ஒரு கேலியே உண்டு. விளக்கைப் போடாமல், பூனை மாதிரி நடந்து போய்த் தன் கட்டிலில் விழுந்தாள்.

அந்த மாதச் சீட்டில் வாடகை பாதிதான் பிடித்திருந்தார்கள். தங்கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ரூம்மேட் எப்படி என்று அம்மா போனில் கேட்டாள். "சத்தமே கிடையாதும்மா. தங்கம்" என்றாள்.

காலையில் வரும்போது முதுகு இருக்கும். மாலையில் எழுந்து போகும்போதும் இருக்கும். குளியலறையில் துண்டு ஈரமாகத் தொங்கும். சீப்பில் அவளுடையதைவிட நீளமான முடி சுற்றியிருக்கும். எந்த வார்டு, எந்த ஊர் என்று கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். தினமும் தூக்கம் முந்திக்கொள்ளும்.

பன்னிரண்டாம் நாள்தான் ஒன்று உறைத்தது. நோயாளியின் மூச்சை எண்ணி எண்ணி வாழ்கிற கண். யார் படுத்திருந்தாலும் தானாகவே மார்பைப் பார்க்கும், எண்ணும். பன்னிரண்டு நாளாக அந்தக் கண் அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எண்ண ஒன்றுமே இருக்கவில்லை.

அன்று மாலை வாசலில் காவலாளியின் நோட்டைப் புரட்டினாள். குடியிருப்புக்குள் வருகிறவர்கள் அறை எண், கட்டில் எண் எழுதி ‘உள்ளே’ என்று போட வேண்டும், போகும்போது ‘வெளியே’. ஒன்பதாம் அறை, இரண்டாம் கட்டிலுக்கு இந்த மாதத்தில் எதுவும் இல்லை. போன வருடத்திலும் இல்லை. அலமாரியில் கிடந்த பழைய நோட்டுகளைத் தூசி தட்டினாள். மூன்றாவதில் அந்தக் கட்டிலின் கடைசி வரி இருந்தது. எழுதி எட்டு வருடம் ஆன வரி.

உள்ளே.

அதற்குப் பிறகு ‘வெளியே’ கிடையாது.

அடுத்த தூக்கத்துக்கு மட்டும் பக்கத்து அறைப் பெண்களோடு தரையில் படுக்க இடம் கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். கேட்கவில்லை. ஆள் குறைவென்று அன்று இரவோடு மறுநாள் பகலும் சேர்த்து டபுள் டூட்டி போட்டுவிட்டார்கள். பிற்பகல் வந்தபோது பயப்படக்கூடத் தெம்பில்லை. இரண்டாம் கட்டிலைப் பார்க்காமல் முதுகு காட்டிப் படுத்தாள். கண் செருகியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவான, தொண்டை வறண்ட, களைத்துப்போன குரல்.

"ஒண்ணாம் பெட். ரெண்டு நாளாத் தூக்கமில்ல. டிரிப்ஸ் போயிட்டிருக்கு."

ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது கட்டில் கட்டிலாக நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பார்கள். வார்டில் அதற்கு ‘ஓவர் கொடுப்பது’ என்று பெயர். வாங்குகிறவள் ‘எடுத்துக்கிட்டேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை கொடுத்தவள் கூரை இடிந்தாலும் நகரக் கூடாது. தினமும் காலையும் மாலையும் இதைச் செய்து செய்து, நர்சுகளின் காது தூங்கினாலும் வாய் பதில் சொல்லும்.

"ம்" என்றாள் அரைத் தூக்கத்தில்.

"ரெண்டாம் பெட். வலிக்குதுன்னு கத்துவாங்க. ஊசி போட்டாச்சு."

"ம்."

"ஒன்பதாம் ரூம். ரெண்டாம் கட்டில். ஸ்டாஃப் நர்ஸ். டபுள் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்தா. மூச்சு இல்ல. யாரும் வந்து பாக்கல."

"ம். எடுத்துக்கிட்டேன்" என்றது அவள் வாய்.

கண் திறந்தது.

இரண்டாம் கட்டில் காலி. விரிப்பு நாலு மூலையும் ஆஸ்பத்திரி மடிப்பாக, சுருக்கமின்றி இழுத்துச் செருகப்பட்டிருந்தது. காலணி இல்லை. வெளியே நடையில் ரப்பர் அடி கீச், கீச் என்று படியிறங்கிப் போயிற்று. அவசரமே இல்லாத நடை. டூட்டி முடிந்தவளின் நடை.

அன்றிலிருந்துதான் அவளுக்குக் கை சில்லிட ஆரம்பித்தது. நாடி பார்க்க மணிக்கட்டைத் தொட்டால் நோயாளிகள் கையை உதறினார்கள். வருகைப் பதிவு இயந்திரம் அவள் கட்டைவிரலை எத்தனை முறை வைத்தாலும் ஏற்கவில்லை. வார்டில் ஓவர் கொடுக்கிறவள் அவளைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் இங்கேதான் நிற்கிறேன் என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. உன் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. அடுத்த நாள் அழைத்தபோது, யாருமே பேசவில்லையே என்று போனை வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள், தன் கட்டிலில் படுத்தவள் இரண்டாம் கட்டிலில் கண் விழித்தாள்.

சுவரைப் பார்த்தபடி. போர்வை தலைவரை.

தன் மூச்சை எண்ணிப் பார்த்தாள். நிமிடத்துக்கு நான்கு.

வார்டில் அவளைக் கண்டு நின்ற ஒரே ஆள் கூட்டித் துடைக்கும் அக்காதான். அவளும் நேராகப் பார்க்கவில்லை. ஈரத் தரையில் விழுந்த நிழலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எடுத்துக்கிட்டியா?"

"தூக்கத்துல சொல்லிட்டேன்க்கா."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூன்றாவது ஆளுக்குக் கேட்காத குரலில் சொல்லி முடித்தாள். இரண்டாம் கட்டில் பெண்ணும் வேறு மாநிலத்திலிருந்து வந்தவள்தான். வாடகை போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சவில்லை என்று டபுள் டூட்டியாகப் பார்த்தாள். ஒரு நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எதிர் ஷிஃப்ட். தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்று இரண்டு நாள் வந்து, பிணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கி, எழுந்து டூட்டிக்குப் போனாள். மூன்றாம் நாள் நாற்றம்தான் எழுப்பியது. அந்த மாதச் சம்பளத்தில் முழு மாத வாடகையையும் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை அவள் அம்மாவுக்கு அனுப்பினார்கள்.

"பக்கத்துக் கட்டில் யாருக்கா?"

அக்கா இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். சாவி தொங்கும் இடம்.

பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த நொடியில் பயம் விட்டுப் போயிற்று. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வெறும் ஆத்திரம். ஒருத்தி செத்ததைப் பார்க்காதவள் மேடம் ஆகிவிட்டாள். அந்தக் கட்டிலுக்கு இன்னும் வாடகை வசூலிக்கிறாள். அதில் படுக்கப் பிழைப்புத் தேடி வருகிற பெண்கள் வேண்டும். உடம்பில் சூடாக இருந்தது அந்த ஆத்திரம் ஒன்றுதான்.

பெட்டியைக் கட்டி வாசலில் காவலாளியின் மேசையருகே வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். பிற்பகல் இரண்டு மணி. சாவிக்கொத்துக்கு மட்டும் அவள் நன்றாகத் தெரிந்தாள். பார்த்ததுமே கண்ணைக் கடிதங்களுக்குத் திருப்பிக்கொண்டதிலேயே தெரிந்தது.

"வேலையை விடறேன்."

"ரெண்டு வருஷ ஒப்பந்தம். சர்டிஃபிகேட் உள்ள இருக்கு."

"இருக்கட்டும். நகலுக்கு யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டாச்சு. வார்டுல ஆள் இல்ல. ஓவரை நீங்கதான் வாங்கணும்."

"சொல்லித் தொலை." பச்சைப் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாணவி மாதிரி நேராக நின்று சொன்னாள். ஒன்றாம் பெட், காய்ச்சல் இறங்கிவிட்டது. ம். நான்காம் பெட், நாளைக்கு டிஸ்சார்ஜ். ம். ஏழாம் பெட், சாப்பிட மாட்டேன் என்கிறார். ம். ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதியபடியே அந்த அம்மாளின் வாய் முப்பது வருடப் பழக்கத்தில் ம் கொட்டியது.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்பதாம் ரூம். ரெண்டாம் கட்டில். ஸ்டாஃப் நர்ஸ். டபுள் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்தா. மூச்சு இல்ல. ரெண்டு நாளா யாரும் வந்து பாக்கல."

"ம். எடுத்துக்…"

பேனா நின்றது. நிமிர்ந்த முகம் இரத்தம் வற்றி வெளுத்தது. உதட்டைக் கடித்து மூடப் பார்த்தார். கை வாயைப் பொத்த எழுந்தது.

விரல்களுக்கு நடுவிலிருந்து வாய் தானாகச் சொல்லி முடித்தது.

"…கிட்டேன்."

அறையில் ஸ்பிரிட் வாசனை. நனைந்து காயாத கஞ்சித் துணியின் வாசனை. அவளுடைய விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல் உணர்ச்சி திரும்பியது. தேங்க்யூ மேடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் நாற்காலி நகரவில்லை. சாவிகள் மட்டும் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தன.

குடியிருப்பு வாசலில் காவலாளி ஒரு வாரத்துக்குப் பிறகு அவளை முதல்முதலாகப் பார்த்த மாதிரி பார்த்து, "என்னம்மா, லீவுக்கு ஊருக்கா?" என்றார். இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு நோட்டை இழுத்து, ஒன்பதாம் அறை, முதல் கட்டில், வெளியே என்று எழுதினாள். நீல மை. பெட்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாள்.

அவள் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஒன்பதாம் அறை, இரண்டாம் கட்டில், உள்ளே.

பச்சை மை.

இப்போது யாராவது உள்ளே போனார்களா என்று கேட்டாள். ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை என்றார் காவலாளி. அவள் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். விரலில் ஒட்டியது.

மாடியில், செய்தித்தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால், இரும்புக் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. யாரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த சத்தம். கூடவே சாவிகளின் சத்தம்.

விரலை வாசல் சுவரில் தேய்த்துத் துடைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.