ஆற்றங்கரைச் சுரங்கத்துக் கரி

ஓசூரில் இரண்டு மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை. ஆனாலும் லாரியிலிருந்து இறங்கிய நிலக்கரி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாய்லர் ஆபரேட்டர் கௌஸ் பாஷா ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். சேறும் பாசியும் செத்த மீனும் கலந்த ஆற்று வாடை, மூக்கில் ஏறி, தொண்டை வரைக்கும் இறங்கி, இரண்டு முறை துப்பியும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது.

எடை கூட்டத் தண்ணீர் பீய்ச்சுவது இந்தத் தொழிலில் பழைய தில்லுமுல்லு. அவர் டிரைவர் மணிவேலை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊர்ல பைப்பு புடிச்சே?"

"மடியில கனமில்ல பாய், எனக்கென்ன பயம்? தார்ப்பாயப் பிரிச்சதே இங்கதான். இந்தக் கரி வர்ற சுரங்கம் ஆத்தங்கரையில இருக்குது. அந்தக் காலத்துல ஆறு உடைச்சிக்கிட்டு உள்ள பூந்துடுச்சாம். கீழ இருந்தவங்க தூக்கச் சொல்லி கயித்த ஆட்டிக்கிட்டே இருந்தாங்களாம். மேல இருந்தவங்க கயித்த அறுத்துட்டு சுரங்கத்து வாய மூடிட்டாங்களாம். இப்பதான் மறுபடி தொறந்திருக்காங்க."

நன்றாகக் காது குத்துகிறான் என்றே கௌஸ் பாஷா நினைத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு பாய்லருக்குக் கரி போகும் நிலத்தடிக் குழியில் ஈரக் கரி அடைத்துக்கொண்டது. குத்திவிட வெங்கடப்பன் இறங்கினான். பதினோரு வருடமாகக் கூட வேலை பார்ப்பவன். அவன் எப்போது இறங்கினாலும் மேலே நிற்பது கௌஸ் பாஷாதான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கையில்தான் இருக்கும். பாய்லருக்குக் காற்றடிக்கும் புளோயர் இரைச்சலில் பேச்சு கேட்காது. மூன்று முறை சுண்டினால் தூக்க வேண்டும்.

நேரமானது. குழிக்குள்ளிருந்து ஆற்று வாடை ஏறியது. உள்ளே வெங்கடப்பனின் டார்ச் வெளிச்சம் அணைந்தது. அவனா அணைத்தான்? எதற்கு?

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

அப்பாடா என்று இழுத்தார். கனத்தது. வெங்கடப்பன் அறுபது கிலோகூடத் தேறமாட்டான். கயிறு நனைந்து வந்தது. கரியில் சிக்கியிருக்கும். இழுத்தார்.

கரண்ட் போனது. புளோயர் நின்றது.

கீழே தண்ணீர் ஓடும் சத்தம்.

கறுத்த கை ஒன்று விளிம்பைப் பற்றியது. பாய்ந்து பிடித்தார். சில்லென்று இருந்தது. விரல்களில் நகமே இல்லை. அதற்குக் கீழே, அதே கயிற்றில், இன்னொரு கை. அதற்கும் கீழே இன்னொன்று.

"பாய்!" வெங்கடப்பனின் குரல். வெகு ஆழத்திலிருந்து. "யாரோ என் கயித்த அவுத்துட்டாங்க பாய். தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. சீக்கிரம் தூக்குங்க."

கௌஸ் பாஷா கையை உதறினார். அந்தப் பிடி இறுகியது. விளிம்புக்கு மேலே ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின.