பசுந்தாங் கோட்டையில் ஒரு ஜோடிச் செருப்பு

கடைசி ஜோடி ஈரமாக இருந்தது.

பார்வையாளர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன கம்பளிச் செருப்புகளை வாசலில் குனிந்து பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த தங்கவேலு, அதைத் தொட்டதும் கையை உதறினார். சித்திரை வெயிலில் ரங்கூன் பொரிந்துகொண்டிருந்தது; மழை பெய்து மாதக்கணக்காகிறது; மோட்டார் ஓடக் கரண்ட் இல்லாததால் மாடித்தொட்டியில் பல்லிகள் குடியேறியிருந்தன. வந்தவர்களோ கல்யாணத்துக்கு முன் படமெடுத்துக்கொள்ள வந்த ஒரு ஜோடியும் அவர்களுடைய ஒப்பனைப் படையும். பிழிந்தால் ஒரு குவளை நிறையும்போல இருந்த இந்தத் தண்ணீர் அவர்கள் யார் காலிலும் வந்திருக்க முடியாது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் நாற்றம் அவருக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்: டீசல், மீன், அழுகிய கீரை. இது அதுவல்ல. கல்லில் உரசிக் குளிர்ந்து வந்த ஏதோ மலையாற்றின் வாசம்.

வெயிலில் காயவைத்தார். மறுநாளும் காயவில்லை.

அந்த வீட்டைக் கோட்டை என்று சொன்னால்தான் முதலாளி ஊ சோ லின்னுக்குப் பிடிக்கும். பாமாயில் இறக்குமதியில் வாழ்ந்து முடித்தவர், ஓய்வுகாலத்தில் ஜெர்மனிக்குப் போய், நாட்டுப்புறக் கோட்டைகளையும் மாளிகைகளையும் பஸ்ஸில் சுற்றிவிட்டு, ஃபோன் நிறையப் படங்களோடும் நெஞ்சு நிறைய ஏக்கத்தோடும் திரும்பியிருந்தார். "அங்க குதிரை கட்டுற எடத்துக்கே கோபுரம் வெச்சிருக்கான், கோ தங்கவேலு. நமக்கு என்ன கொறைச்சல்?" கொறைச்சல் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஒரு பழைய பங்களா அகப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் அரிசி மில் நடத்திய யாரோ ஒரு ஜெர்மன்காரர், ஊர் ஞாபகத்தில், மூலையில் மிளகுப்புட்டிபோல ஒரு கோபுரம் வைத்துக் கட்டியது. மான்கொம்பு கிடைக்காததால் சுவரில் எருமைக் கொம்புக்கு வார்னிஷ் அடித்து மாட்டினார்கள். மாடிப்படியோரம் கவசமணிந்த போர்வீரன் ஒருவன் நின்றான். பாமாயில் தகரத்தில் செய்தவன், கையைத் தூக்கினால் அக்குளில் இன்னும் பனைமரப் படம் தெரியும். நிஜ ஜெர்மன் கிழவி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர் தபால் ஆபீஸ் இப்படித்தான் இருக்கும்" என்றாள். 'எங்கள் ஊரில் இருப்பது போலவே இருக்கிறது: ஒரு ஜெர்மானியச் சீமாட்டி' என்று வாசலில் பலகை வந்தது. தபால் ஆபீஸுக்குப் பலகையில் இடம் போதவில்லை.

கம்பளிச் செருப்பும் ஜெர்மனிச் சரக்குதான். அங்கே மாளிகையின் மரத்தரை தேயக்கூடாதென்று வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடுகிறார்களாம். லைங் தாயாவில் குளிர்நாட்டுக்குக் கோட்டு தைக்கும் ஆலையின் வெட்டுத்துணியை வாங்கித் தைத்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் யார் நடந்தாலும் சத்தம் கேட்பதில்லை. ஐம்பது வயதில் கறுப்பு வெயிஸ்ட்கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, 'தலைமை வழிகாட்டி' என்ற பட்டத்தோடு முன்னால் நடக்கும் தங்கவேலுவுக்கு, பின்னால் ஆள் வருகிறதா இல்லையா என்பதே திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் முதலாளி, "அங்க கோட்டைக்குக் கோட்டை ஒரு ஆவி இருக்கு. நம்ம கோட்டையில இல்லேன்னா அசிங்கம். திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணு யோசிச்சு வைங்க" என்றார்.

தங்கவேலு ஞாயிற்றுக்கிழமையே யோசித்துவிட்டார். தர்வான் அய்யாசாமி. யுத்தத்தில் குண்டு விழுந்தபோது, ஜெர்மன் துரை வீட்டைக் காவலாளி அய்யாசாமியிடம் விட்டுவிட்டு, அவனிடமே கற்ற தமிழில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போனான், வரவில்லை. மாடித்திருப்பத்து பெஞ்சில் காத்திருந்தே அய்யாசாமி செத்தான். போகிறவன் போயிட்டு வரேன் என்று சொன்னால், வரும்வரை காத்திருப்பது தமிழன் வழக்கம். ஆகவே இப்போதும் விருந்தாளிகள் இந்த பெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாங்க் அதிகாரிகளும் மணப்பெண்களும் சீனத்து வியாபாரிகளும் வாயில் பாக்கு அடக்கியதுபோல "போயித்து வலேன்" என்று கூட்டமாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஊ சோ லின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நிஜமா இருக்கு."

நிஜமாக இருந்ததற்குக் காரணம் தங்கவேலுவுக்கு மட்டும் தெரியும்.

போன கார்த்திகையில் அவர் மகன் கோபி வீட்டை விட்டுப் போனான். கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வயசு. மியாவடிப் பக்கம் தாய்லாந்து எல்லை ஆற்றைத் தாண்டிவிட்டால் பிழைத்தான் என்று கூட்டிப்போகும் ஏஜென்ட் சொன்னான். பள்ளிக்கூடத்தில், வேலையில், தெருவில் எல்லாம் கோ ஸோ மின் என்ற பர்மியப் பெயரோடு வளர்ந்த பையன். தமிழ் புரியும், சரியாகப் பேச வராது. விடியுமுன் வேன் வந்து நின்றதும், பர்மிய மொழியில் சொல்வதை அப்படியே தமிழில் போட்டு, "போறேன் பா" என்றான்.

"அப்படிச் சொல்லாதடா! போயிட்டு வரேன்னு சொல்லு!" என்று அவன் அம்மா மீனம்மாள் படியில் இறங்கி ஓடினாள். வேன் தெருமுனை திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் ஃபோன் இல்லை. ஏஜென்டின் நம்பரும் இல்லாமல் போனது. மீனம்மாள் ஏஜென்டைத் திட்டவில்லை, ஆற்றைத் திட்டவில்லை. "சொல்லிட்டுப் போகலையே" என்பதையே சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கவேலு கோட்டையில் அந்நியர்களின் வாயால் தினமும் அந்தச் சொல்லைச் சொல்லவைத்தார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் மனசுக்குள், இது கோபிக்காக, இது கோபிக்காக என்று சேர்த்துவைத்துக்கொண்டார். இத்தனை பேர் அவனுக்காகச் சொல்லியிருக்கிறார்கள். வராமல் எப்படி இருப்பான்?

ஈரச்செருப்பு அடுத்த தடவை வாசலில் இல்லை. கீழ்ப்படியில் இருந்தது. அதற்கடுத்த தடவை போர்வீரனின் காலடியில், மாடியைப் பார்த்தபடி. சுற்றி மரத்தில் வெள்ளையாக மணல் படிந்திருந்தது. தங்கவேலு விரலால் தேய்த்துப் பார்த்தார். கால்வாய்க்கரையில் மணல் கிடையாது, சேறுதான்.

முதலாளியிடம் சொன்னார். ஊ சோ லின்னின் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! ஜெர்மனிலகூட ஆவி ஈரமா வர்றதில்ல. எப்படிச் செஞ்சீங்க?"

"நான் செய்யல சயா."

"விருந்தாளிங்ககிட்டயும் இதே மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அன்று மாலை ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக் கூட்டம் வந்திருந்தது. வெயில் சாய்ந்து, கோபுரச் சன்னலின் சிவப்புக் கண்ணாடி வழியாக மாடித்திருப்பத்தில் மங்கிக் கிடந்தது. பெஞ்சின் முன்னால் நிறுத்தி வழக்கம்போலச் சொல்லவைத்தார். "போயித்து வலேன்!" என்று கத்தி, ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்து, சத்தமில்லாத கால்களோடு இறங்கினார்கள். சிரிப்பு வாசலைத் தாண்டிய பிறகு, பின்னாலிருந்து தனியாக, தாமதமாக ஒரு குரல் கேட்டது.

"போயிட்டு வரேன் பா."

சுத்தமான தமிழ். பாடம் படித்து ஒப்பிக்கும் பிள்ளைபோல, ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக.

திரும்பினார். எருமைக் கொம்பு. சுவர். யாருமில்லை.

வீட்டில் மீனம்மாளிடம் அவர் சொல்லவில்லை. அவளே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "உங்க சட்டையில என்ன, ஆத்து வாசம்?"

"கால்வா ஓரமா வந்தேன்."

"கால்வா இப்படியா மணக்கும்?" தோள்பட்டையை முகர்ந்தாள். அந்தத் தோளில்தான் கோபி தூங்குவான். கியாக்தான் கோயிலுக்குப் போய்விட்டு வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலை சாயும். வளர்ந்து மீசை வந்த பிறகும் சாயும். எச்சில் வழிந்து அப்பாவின் காலர் நனையும். மீனம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. கூடையில் எல்லாச் செருப்பும் காய்ந்தே இருந்தன. அந்த ஜோடியை மட்டும் காணவில்லை. கீழ்ப்படியில் இல்லை, போர்வீரனிடம் இல்லை. தேடிக்கொண்டு மாடித்திருப்பம்வரை ஏறினார். அந்நேரம் கரண்ட் போனது. மின்விசிறிகள் முனகி நின்றன. பசுந்தாங் முழுக்க ஒரு நொடி மூச்சடங்கி, பிறகு ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின. இன்னும் பகல் முழுசாய்ச் சாகவில்லை. ஆனால் சிவப்புக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் படிகள் எங்கே தொடங்குகின்றன என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கட்டிவிட்ட கதையில் அய்யாசாமி உட்கார்ந்த இடம்.

ஃபோன் அடித்தது. மீனம்மாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

"ஏங்க! கோபி பேசினான்ங்க! இப்பத்தான்!"

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தண்ணி சத்தம் ஒரே இரைச்சலா இருந்துச்சு. ஆனா தமிழ்ல பேசுறான்ங்க, முழுக்கத் தமிழ்ல! யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேட்டேன். நெறயப் பேரு சொல்லிக் குடுத்தாங்கம்மாங்கிறான்."

"மீனா..."

"குளுருதுங்கிறான். இந்த வெயில்ல என்னடா குளுருன்னேன். அப்பா எங்கன்னு கேட்டான்." அவள் மூச்சு வாங்கினாள். "கோட்டையில இருக்காரு, போய்ப் பாருடான்னு சொன்னேன். சரிதானேங்க?"

அவர் பதில் சொல்லுமுன் லைன் அறுந்தது.

வெகுநேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். வெளியே ஜெனரேட்டர் சத்தம். உள்ளே எதுவுமில்லை. அப்படித்தானே செய்து வைத்திருந்தார்கள், யார் நடந்தாலும் கேட்காத வீடாக.

கேட்டது.

காலடிச் சத்தமல்ல. கம்பளி பிழியப்படும் சத்தம். மெல்ல. கீழ்ப்படியில்.

நின்றது.

மறுபடி. ஒரு படி மேலே. பிழிந்த தண்ணீர் மரத்தில் வழிந்து, அடுத்த படிக்குச் சொட்டியது.

எழுந்து ஓடலாம். மாடிக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. கால் வரவில்லை. பயத்தால் என்றுதான் முதலில் நினைத்தார். பயம் மட்டுமில்லை. ஓடினால், வந்தவன் காலி பெஞ்சைப் பார்ப்பான்.

மறுபடி. போர்வீரனின் தகரம் லேசாகக் கிணுங்கியது, இருட்டில் யாரோ பிடித்து ஏறியதுபோல.

மறுபடி.

ஆற்றின் வாசம். குளிர். சித்திரையில் குளிர்.

"கோபி," என்றார்.

சொட்டு. சொட்டு.

"மீ லா பீ!"

பசுந்தாங் முழுக்கக் குழந்தைகளும் பெண்களும் வழக்கம்போலக் கூவினார்கள், கரண்ட் வந்துவிட்டதென்று. தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

அவருக்கு நேர் கீழ்ப்படியில் அந்தச் செருப்புகள் இருந்தன. விரல்பக்கம் அவரைப் பார்த்து. அவற்றுக்குள் கால் இல்லை, மேலே ஆள் இல்லை. ஆனால் கம்பளி அமுங்கியிருந்தது. ஒரு ஆளின் எடைக்கு அமுங்கி, ஓரங்களில் மணலும் தண்ணீரும் கசிந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது செருப்பு லேசாகி உப்பியது. தூக்கப்பட்டது. பெஞ்சருகே வைக்கப்பட்டது.

"வந்துட்டேன் பா."

தங்கவேலுவின் பற்கள் கிட்டிப்போயிருந்தன. இருந்தும் அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பஸ்ஸில் செய்வதுபோல, இடம் விட்டார்.

மரம் கிறீச்சிட்டது. பக்கத்துப் பலகை நனைந்து கறுத்தது.

தெருவெல்லாம் இன்னும் கூவிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தோளில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. வெயிஸ்ட்கோட்டு அமுங்கியது. காலர் மெதுவாக நனையத் தொடங்கியது.